கிளட்சை மிதித்த கால்

இதைச் சொன்னால், அன்றைக்கு நான் குடித்திருந்தேன் என்பீர்கள். இல்லை. களைத்திருந்தேன், அவ்வளவுதான். போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் இருக்கும் என் ஷெட்டில் நடந்தது. என் பெயர் முரளிதரன். இருபத்தாறு வருடமாக மெக்கானிக்.

வண்டி, பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி சந்திரமோகனுடையது. அவர் அப்பா ஓட்டிய பழைய பிக்கப். வண்டிக்கு அறுபது வயதுக்கு மேலே. அதன் ஆறு சிலிண்டர் இஞ்சினில் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. அதே ரகத்தில், கொஞ்சம் பெரிய இஞ்சின் ஒன்று கிடைத்தது. ஹெட்டைச் சீவி, பெரிய கார்பரேட்டர் போட்டு, பாயின்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்து... மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பழைய வண்டிகள் ஊர்வலம், அதற்குள் வேண்டும் என்றார். கூட வேலை செய்யும் துளசிங்கம் காவடி எடுக்கப் போய்விட்டான். நான் தனி.

மாலை ஆறரைக்கு இஞ்சின் அதன் இடத்தில் உட்கார்ந்தது. கியர்பாக்ஸோடு சேர்த்து முடுக்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மிச்சம், பெடலோடு சேர்ந்து அடியில் நகரும் கிளட்ச் ராடைச் சரிசெய்வதுதான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதிக்க, கீழே ஒருவர் நட்டைத் திருக. சந்திரமோகன் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டிக்கு அடியிலேயே படுத்துக் காத்திருந்தேன்.

7.05. கதவுச் சத்தம். கிர்ர்ர்... ஸ்பிரிங் லேசாக அமுங்கியது.

"வந்துட்டீங்களாண்ணா? கிளட்ச மிதிங்க."

ராடு நகர்ந்தது.

"வுடுங்க."

திரும்பி வந்தது. சொன்னால் மிதிக்கிறார். சொன்னால் விடுகிறார். ஒரு வார்த்தை பேச்சில்லை. எனக்கும் பேசத் தெம்பில்லை.

"மிதிச்சி அப்படியே புடிங்க" என்றேன். நட்டைத் திருகிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிட்டது.

விழித்தபோது 7.32.

ராடு அமுங்கியே இருந்தது. அந்தக் காலத்துக் கிளட்ச். இரண்டு நிமிடம் மிதித்துப் பிடித்தாலே யாருக்கும் தொடை உதறும். ராடும் கூடவே உதறும்.

இது உதறவில்லை. துளிகூட.

"வு... வுடுங்க."

விட்டது.

உருண்டு வெளியே வந்தேன். கதவு மூடியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

யாருமில்லை.

உட்காரச் சீட்டே இல்லை. உறை மாற்ற வேண்டுமென்று காலையில் நானேதான் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

"மிதிங்க..."

பெடல்... என் கண்ணெதிரே... மெதுவாக...

கீழே போனது.

ஓடினேன். மணி 7.40.

காலை 5.50. திரும்பி வந்தபோது ஷெட் வாசலில் சந்திரமோகன் நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"நேத்து வர முடில முரளி. அம்மாவுக்கு ஏழு மணிலேர்ந்து எடது காலு இழுத்துகினே இருந்திச்சி. ஏழு நாப்பதுக்கு அப்படியே வெறச்சிகிச்சி. மடக்கவே முடில. ராத்திரி பூரா முழிச்சிகினு இருந்தோம்."

அவரை வண்டியருகே கூட்டிப்போய்க் காட்டினேன்.

பெடல் தரையோடு அமுங்கிக் கிடந்தது.

"வுடுங்க" என்றேன்.

எழுந்தது.

5.56. அவர் போன் அடித்தது. அவர் மனைவி சுசித்ரா. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அத்தைக்குக் கால் மடங்கிடுச்சிங்க... இப்பதான்."

அவர் எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி சென்னைக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்.

"அப்போ எனக்கு ஒம்போது வயசு. நைனா இந்த வண்டிக்கு அடில படுத்துகினு வேல செஞ்சாரு. மேல அம்மா கிளட்ச மிதிச்சி புடிச்சிகினு இருந்தாங்க. ஜாக்கி நழுவிடுச்சி... வண்டியத் தூக்கி நைனாவ வெளிய எடுத்தாங்க. உசுரு இல்ல. அப்பவும் அம்மா கால எடுக்கல. நாலு பொம்பளைங்க புடிச்சி இழுத்தாங்க..."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"'அவரு இன்னும் வுடுன்னு சொல்லலியே'ன்னாங்க முரளி."