கீர்த்தனாவுக்குப் போட்ட இருபது மார்க்

எழிலரசி திருவண்ணாமலையில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துபவள். கீழ்பென்னாத்தூர்க்காரி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு காலத்தில் மாணவிகளை நோயாளியின் கட்டிலருகே நிறுத்தி, கேள்விமேல் கேள்வி கேட்டு அழவைத்துத்தான் மார்க் போடுவாள். பிறகு பிள்ளைகள் கூடிப்போனார்கள். கேஸ் ஸ்டடி எழுதிக் கொடுத்தாலே போதும் என்றது நிர்வாகம். நின்று நின்று கால் வலித்ததால் அவளும் சரி என்றுவிட்டாள்.

வந்ததெல்லாம் ஏஐ எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அரைப்பக்கம் எழுதத் திணறும் கீர்த்தனா, பொட்டாசியம் குறைந்த நோயாளியைக் கவனிப்பது பற்றி டாக்டரே எழுதியதுபோலக் கொண்டுவந்து நீட்டினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடே அவளுடையதில்லை. எழிலரசி தெரிந்தே இருபதுக்கு இருபது போட்டாள். எல்லோரும் போடும்போது இவள் மட்டும் எதற்குப் பொல்லாதவளாக வேண்டும்?

அடுத்த வருஷம் ஒரு பௌர்ணமியன்று கணவன் குமரேசனுக்கு விடாத வாந்தி, பேதி. வேலூருக்குக் கொண்டுபோக நினைத்தாள். கிரிவலக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊரைத் தாண்டவே பொழுது விடிந்துவிடும் என்றார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாள். பொட்டாசியம் கம்மி, சலைனில் கலந்து மெதுவாக ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

மருந்து நிரப்பிய ஊசியோடு வந்த நர்ஸ், பாஸாகிப் போன அதே கீர்த்தனா.

“மேடம், நம்ம சாருங்களா? நான் பாத்துக்கறேங்க.” மலர்ந்த முகத்தோடு ஊசியை நேராகக் குமரேசனின் கையில் செருகியிருந்த குழாயில் பொருத்தினாள்.

எழிலரசி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “கலக்காம நேரா போட்டா என்னாகும்னு தெரியுமாடி உனக்கு?”

கீர்த்தனா யோசித்தாள். “வலிக்குங்களா மேடம்?”

“இதயம் நின்னுடும்.”

“ஐயோ, சாரிங்க மேடம்.” உடனே போனை எடுத்தாள். “எவ்ளோல கலக்கணும்னு இதோ ஏஐகிட்ட கேட்டுச் சொல்லிடறேன்.”

கட்டிலருகே நிறுத்தி இந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்கலாம். எழிலரசி ஊசியைப் பிடுங்கித் தானே கலந்து ஏற்றினாள். நிமிர்ந்து பார்த்தால் வார்டு நெடுக ஆட்கள் படுத்திருந்தார்கள்.

“இங்க வேற யார் டூட்டி?”

“நம்ம பேட்ச்தான் மேடம், எல்லா வார்டுலயும். நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. சாரை நாங்க பாத்துக்கறோம்.”