நாலாவது டெஸ்க்டாப்

மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். ஆபீசுக்கு ஒரே கம்ப்யூட்டர், தொழிலாளர்கள் வந்து நிற்கும் ஜன்னலோரம். அதில் உலகத்து வேலையெல்லாம். வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது, கொழுந்து எடை, மேனேஜரின் மெயில், தொழிலாளர்களின் லயன் வீட்டு ஒழுகல் புகார் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத் திறந்து கிடக்கும். எதைத் தேடினாலும் வேறொன்று வந்து நிற்கும். எனக்கு எரிச்சல் தலைக்கேறும்.

போன வருஷம் மழைக்கு மரம் விழுந்து பஸ் நின்ற ஒரு நாள், செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரே திரையில் நாலு டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாமாம். இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று மறைந்து இன்னொன்று வரும். மறுநாளே பிரித்தேன். முதலாவதில் பேர், இரண்டாவதில் எடை, மூன்றாவதில் மெயில், நாலாவதில் மற்றதெல்லாம். திரை துடைத்துவிட்டது போல் இருந்தது. அரை நாள் வேலை மிச்சமானது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். மகளுக்கு ஊட்டியில் கல்லூரி கிடைத்திருந்தது. ஹாஸ்டல் இடத்துக்கு, தாய் இங்கே வேலை செய்கிறார் என்று எஸ்டேட்டிலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் மெயில் போகவேண்டும்.

"ஹாஸ்டல் இல்லாட்டி தெனமும் பஸ்ஸுதான் ஐயா. எறங்கி லயனுக்கு வாறதுக்குள்ள இருட்டிரும். காட்டெரும நிக்கிற எடம்" என்றார்.

"நானாச்சுங்கக்கா" என்றேன். ஐந்து நிமிஷத்தில் கடிதத்தை அடித்தும் விட்டேன். மேனேஜர் புதன்கிழமைதான் வருவார், கையெழுத்து வாங்கவேண்டும். அதுவரை நாலாவது டெஸ்க்டாப்பில் இருக்கட்டும் என்று தள்ளிவைத்தேன். புதன்கிழமை மேனேஜர் வந்தார், கூடவே ஆடிட்டும் வந்தது. அந்த வாரம் முழுக்க நான் முதல் மூன்றைத் தாண்டவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் அந்த அக்கா மறுபடி ஜன்னலில் நின்றார்.

"ஹாஸ்டல்ல பேரு இல்லேன்னுட்டாங்களாம் ஐயா. புள்ள பெட்டியும் பாயுமா திரும்பி வந்துருச்சு."

விசையை அழுத்தினேன். கடிதம் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் என் வாயில் முதலில் வந்தது மன்னிப்பு இல்லை.

"ஏனுங்கக்கா, நடுவுல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

"தெனமும் எட போட்டுட்டு இங்கன வந்து பாத்தேனே ஐயா. முன்னெல்லாம் வேல முடியிற வரைக்கும் நம்ம பேப்பரு கம்ப்யூட்டர்ல தெரியும். கடுதாசி மேல இருக்குற எஸ்டேட்டு பச்ச முத்திரைய வச்சு கண்டுக்குவோம். இந்தவாட்டி அன்னைக்கு சாயங்காலமே காணல. அனுப்பிட்டீங்கன்னு இருந்துட்டேன்."

ஜன்னலில் நிற்பவர்கள் என்னை வேடிக்கை பார்ப்பதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது தங்கள் காகிதத்தை.

அன்றே கையெழுத்து வாங்கி மெயில் அனுப்பினேன். போன் போட்டுக் கெஞ்சியும் பார்த்தேன். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். மகள் முதல் பஸ்ஸில் போய் கடைசி பஸ்ஸில் திரும்ப ஆரம்பித்தாள்.

நாலாவது டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டேன். தொழிலாளர் கடிதங்கள் இப்போது ஜன்னலுக்குத் தெரியும்படி எடைக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. மற்ற மூன்றும் இருக்கின்றன. அவை இல்லாமல் என்னால் வேலை செய்யமுடியாது.

இரண்டு வாரம் கழித்து அந்த அக்கா ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். தூரத்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோய் மகளைக் கூட்டிவர, தினமும் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி வேண்டும். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும் ஐயா, ஒங்களுக்கு எதுக்கு செரமம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மேனேஜரின் ஜீப் வரும்வரை தூறலில் நின்று, மனுவை நேராக அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.