நாங்கள் வெட்டிய கடைசிக் காட்சி

போன வருடத்துக்கு முந்திய வருடம், இரண்டாம் தவணை நடந்துகொண்டிருந்த நேரம். முல்லைத்தீவில் நாயாற்றுப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர்ப் பாடசாலையில் இது நடந்தது.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனது. வீட்டில் தையல் மெசின் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் கடைசிக் கதிரையில் இருந்து, கையெழுத்து வைத்துவிட்டு வருவேன். அவ்வளவுதான்.

அந்த வருடம் பிரான்சிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு அங்கே போனவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவதுதான் அங்கே அவருக்குத் தொழில். பழைய காலத்துப் பிரெஞ்சுச் சிரிப்பு நாடகம் ஒன்றைத் தமிழில் மாற்றி, எங்கள் பிள்ளைகளை வைத்து மேடையேற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் பக்கத்தில் நாடகம் என்றால் டெங்கு நாடகம், மிதிவெடி நாடகம். ஏதாவது ஒரு நிறுவனம் வந்து போடும். முடிந்ததும் ஒருவர் ஒலிவாங்கியோடு வந்து, இதிலிருந்து என்ன படித்தீர்கள் என்று கேட்பார். அதனால் அதிபருக்கு இந்தத் தம்பியின் கதை பிடிபடவில்லை.

“இதால பிள்ளையளுக்கு என்ன அறிவுரை சொல்லுறீங்கள் தம்பி?”

“ஒண்டும் சொல்லேல்ல சேர். சிரிக்கட்டும்.”

அதிபர் “சரி, சிரிக்கட்டும். சோதினைக்கு முதல் சிரிச்சு முடிச்சிட வேணும்” என்றாராம்.

உடுப்புத் தைக்க என்னைப் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த வெள்ளைப் பட்டி போடுவார்களாம். அதற்குத் துணிக்கு எங்கே போவது? நிவாரணத்தில் தந்த நுளம்பு வலைகள் வீட்டில் கிடந்தன. அவற்றை வெட்டிச் சுருக்கித் தைத்துக் கொடுத்தேன். “இனி எங்களுக்கு மலேரியா வராது” என்று பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு துள்ளினார்கள்.

நாடகத்தின் கதை இதுதான். தகப்பன் கப்பலில் போய்க் காணாமல்போன ஒரு பெண்பிள்ளை மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமன் சரியான கஞ்சன். சீதனம் கொடுக்க மனமில்லாமல் அவளை ஒரு செவிட்டுக் கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். வேலைக்காரி ஒருத்தி பொய்க்கு மேல் பொய் சொல்லி அவளைக் காப்பாற்றிக்கொண்டே வருகிறாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வியாதி, பதற்றம் வந்தால் மூன்று தரம் தும்முவாள். கடைசியில் கலியாண எழுத்துக்குக் கையெழுத்து வைக்கப்போகிற நேரம், யாரோ ஒரு வழிப்போக்கன் வாசலில் வந்து நின்று மூன்று தரம் தும்முகிறான். அவன்தான் தகப்பன். அவள் “அப்பா!” என்று கூப்பிட்டுக்கொண்டு ஓட, மாமன் மயங்கி விழ, எல்லாம் நல்லபடி முடிகிறது. அந்தக் காலத்து நாடகங்கள் அப்படித்தானாம். தொலைந்துபோனவர்கள் கடைசிக் காட்சியில் வந்து சேர்ந்துவிடுவார்களாம்.

தகப்பனாக நடித்தவன் என் மகன். வயிற்றில் தலையணை கட்டி, தாடி ஒட்டி, கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் வருகிற வேடம். அதற்காக வீட்டில் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டு திரிந்தான். என் கணவர் குசினிக்குள் எட்டிப் பார்த்து, “இஞ்சேரும், மிளகாய்த்தூளைக் கொட்டிப்போட்டீரோ?” என்று கேட்பார்.

அந்தப் பெண்பிள்ளையாக நடித்தவள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓர் அக்காவின் ஒரே மகள். அக்கா கடற்கரையில், கருவாடு போடுகிற வாடியில் வேலை செய்கிறவர். அவருடைய கணவரைக் கடைசிச் சண்டைக்குப் பிறகு காணவில்லை. அப்போது மகள் கைக்குழந்தை. அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆளைக் காணாத வீட்டுக்காரர் வந்தால் கதையை மாற்றிவிடுவோம். புருஷன்மாரைப் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டிருந்தவர்கள், அக்காவைக் கண்டதும் மீன் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

உடுப்பு அளவு பார்க்கப் போன ஒரு நாள்தான் கடைசிக் காட்சியின் ஒத்திகையை முதன்முதலில் பார்த்தேன். என் மகன் தும்மினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் “அப்பா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, அவனுடைய தலையணை வயிற்றில் மோதி, பந்து மாதிரித் திரும்பிப் போய் விழுந்தாள். அவளுக்கும் சிரிப்பு. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அக்கா முன்வரிசையில் இருந்து இதைப் பார்க்கப் போகிறாரே என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாளில் பெற்றோர் கூட்டம் வந்தது. அக்காவுக்கு வாடியில் வேலை, அவர் வரவில்லை. எல்லாம் பேசி முடித்து, வேறு ஏதாவது இருக்கிறதா என்று அதிபர் கேட்டார். நான் எழுந்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் குரல் வந்துவிட்டது.

“சேர், அந்தக் கடைசிக் காட்சி வேண்டாம். அந்தப் பிள்ளையின்ர தாய் முன்னுக்கு இருந்து எப்பிடிப் பாப்பா? அவா மட்டுமே? காணாமல்போன ஆக்களின்ர வீட்டுக்காரர் எத்தினை பேர் வருவினம்?”

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். “சரியான கதை. எங்களுக்கு இது தோணேல்லையே” என்று எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

பிரான்ஸ் தம்பிக்கு முகம் மாறிவிட்டது. “அக்கா, அந்தக் காட்சிக்காகத்தான் முழு நாடகமும். அதை எடுத்தா மிச்சம் என்ன?” என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, “அந்த அம்மாட்ட ஆரும் கேட்டனீங்களோ?” என்றார்.

அதிபர்தான் மறுமொழி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

“தம்பி, இதைப் போய் ஆரும் கேப்பினமோ? நீங்கள் அங்க வளந்தனீங்கள். இஞ்சத்தைய நோவு உங்களுக்கு விளங்காது.”

அந்தத் தம்பி திரும்பப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். தன் பிள்ளையின் வேடம் போகிறதென்றும் பார்க்காமல் கதைத்தாரே என்று அதிபர் என்னைப் பாராட்டினார். கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்காகக் கைதட்டியது அன்றைக்கு மட்டும்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

“என்ர பாகத்தை நீங்களே வெட்டிப்போட்டியளே அம்மா!” என்று மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தகப்பனுக்குப் பதிலாக ஊர் அதிகாரியான விதானை வந்து மாமனைக் கண்டிப்பதாகவும், மாமன் திருந்துவதாகவும் முடிவை மாற்றினார்கள். மகன் விதானை ஆனான். அந்தப் பிள்ளையிடம் வகுப்பு ரீச்சர் விடயத்தைச் சொன்னபோது, “சரி ரீச்சர்” என்று மட்டும் சொன்னாளாம். நல்ல பிள்ளை, விளங்கிக்கொண்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

நாடகம் ஒரு பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. இடம் போதாமல் சன்னல்களிலும் ஆட்கள். அக்கா வாடியில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கத்தரிப்பூ நிறத்தில் சேலை, தலையில் பூ. முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

செவிட்டுக் கிழவன் பெண் பார்க்க வந்து, பெண்ணை விட்டுவிட்டு மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு “பெண் நல்ல வடிவு” என்றபோது மண்டபம் அதிர்ந்தது. அக்கா சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. வாயைப் பொத்திக்கொள்கிறார், முடியவில்லை, என் தோளில் சாய்ந்து சிரிக்கிறார். மகள் தும்முகிற ஒவ்வொரு முறையும் என் கையில் தட்டி, “இவளைப் பாரன்! வீட்டில ஒரு சொல்லு வாயால வராது” என்றார். நான் செய்தது எவ்வளவு சரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இந்தச் சிரிப்பைக் கடைசியில் அழுகையாக்கி விட்டிருப்போமே!

கலியாண எழுத்துக் காட்சி வந்தது. அக்காவின் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து இருந்தார். மேடையின் வாசல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகன் விதானையாக உள்ளே வந்தான்.

“இவன்தானே தகப்பன்?” என்று மெல்லக் கேட்டார்.

நான் கேட்காத மாதிரி மேடையைப் பார்த்தேன். விதானை பேசினான், மாமன் திருந்தினான், எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். மண்டபம் எழுந்து கைதட்டியது. அக்கா எழவில்லை.

“முடிஞ்சுதோ?”

“ஓம் அக்கா.”

“தகப்பன் வருவார் எண்டு பிள்ளை சொன்னவள்.”

“அதை எடுத்திட்டினம் அக்கா.”

“ஏன்?”

கூட்டத்தில் வந்த குரல் இப்போது வரவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல், மேடையைப் பார்த்தபடியே சொன்னார்.

“வீட்டில எல்லாம் நடிச்சுக் காட்டினவள். அந்த இடம் வந்தா மட்டும், மேடையில பாருங்கோ அம்மா எண்டு ஓடிப்போயிடுவாள். அவள் பிறந்ததுக்கு ஒருத்தரையும் அப்பா எண்டு கூப்பிட்டதில்லைத்தானே பிள்ளை. அவளின்ர வாயால அது எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காக் கேப்பம் எண்டுதான் வந்தனான்.”

அழவில்லை. மகள் வேடத்தோடு இறங்கி வந்தபோது அவளுடைய கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, “நல்லா நடிச்சனீ” என்றார். இருவரும் போனார்கள். நான் அங்கேயே இருந்தேன்.

மறுநாள் காலையே பிரான்ஸ் தம்பியைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொல்லி, நாடகத்தைப் பழைய முடிவோடு இன்னொரு தரம் போடலாமா என்று கேட்டேன். நான் அன்றைக்கே கேட்டேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. விமானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதிபர் விட்டால் பிள்ளைகளே செய்வார்கள் என்றார். அதிபரிடம் போனேன். அவரும் நொந்துபோனார். ஆனால் தவணைப் பரீட்சை தொடங்கப் போகிறது, பிறகு பார்ப்போம் என்றார்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. உடுப்பைத் திருப்பித் தர அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். உங்கள் வீட்டு முற்றத்தில், அந்தக் கடைசிக் காட்சியை மட்டும், நீயும் என் மகனுமாக அம்மாவுக்கு நடித்துக் காட்டுவீர்களா என்று.

“வேண்டாம் மாமி” என்றாள்.

“ஏன் பிள்ளை?”

“மேடையில எண்டா எல்லாரும் சிரிச்சுக்கொண்டிருப்பினம். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள்ள நான் கூப்பிட்டிருப்பன். அம்மாவும் சிரிச்சபடி கேட்டிருப்பா. இப்ப முத்தத்தில தனிய நிண்டு கூப்பிட்டா, அது நடிப்பா இருக்காது மாமி.”

சிரிப்பு நாடகம் எதற்கு என்று அதிபர் கேட்ட கேள்விக்கு, பதினைந்து வயதுப் பிள்ளை மறுமொழி சொல்லிவிட்டாள் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே நீ வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீங்கள் எல்லாரும் எங்களுக்காக வேண்டாம் எண்டனீங்கள். நான் எப்பிடி வேணும் எண்டு சொல்லுறது? அம்மாட்டயும் சொல்லேல்ல. சொன்னா நாடகத்துக்கே வந்திருக்கமாட்டா.”

அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது. ஒரு காலை வாடிக்குப் போய், பாயில் கிடந்த மீனைப் பிரட்டிக்கொண்டிருந்தவரிடம், அந்தக் காட்சியை எடுக்கச் சொன்னது நான்தான் என்றேன்.

“தெரியும். நாடகம் முடிஞ்ச அண்டைக்கே உன்ர மோன் வந்து சொன்னவன்” என்றார். கை நிற்கவில்லை. “என்ர மனம் நோகக்கூடாதெண்டுதானே சொன்னனீ. அதில என்ன பிழை? ஆனா பிள்ளை, ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம். வீடு தூரமே?”

எங்கள் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். நாடகம் திரும்பப் போடப்படவே இல்லை. அந்த ஆண்டு நடித்தவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் போய்விட்டார்கள். அக்கா என்னோடு முந்தியைப் போலத்தான் பழகுகிறார், கருவாடு கொண்டுவந்து தருகிறார். எனக்குத்தான் அவருடைய முகத்தை நேரே பார்க்க இன்னும் முடிவதில்லை. ஒருவருடைய மனம் நோகுமென்று அன்று ஒரு மண்டபம் நிறைந்த ஆட்கள் சேர்ந்து இரங்கினோம். அவரிடமே கேட்போம் என்று சொன்ன ஒரே ஒருவரை, உனக்கு எங்கள் நோவு தெரியாது என்று இருத்திவிட்டோம். மகளின் வாயால் அந்த ஒரு சொல்லைக் கேட்க, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது என்னுடைய இரக்கம்தான் என்பதை நினைத்தால், யாருக்காவது நல்லது செய்ய எழும்பும்போதெல்லாம் எனக்கு இன்றும் கால் தயங்குகிறது.