கிணற்றுக்குள் ருக்மணி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு ஹாலில் வைத்து ருக்மணி ஒரு பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டாள்.

பதறாதீர்கள். கோயமுத்தூரில் எங்கள் கணபதிப் பகுதியில் குழாய்த் தண்ணீருக்கே நாள் பார்த்துக் காத்திருக்கிறோம்... ஹாலில் கிணற்றுக்கு எங்கே போவது? விழுந்தது ஒரு விளையாட்டில். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வேர்த்துக் கொட்டியது நிஜம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தேன். துப்பறியும் கதை என்று நினைத்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், ஏதோ ஒரு விளையாட்டின் ரூல் புத்தகம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார் — 'குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்த ஆளாகவே பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இருபது முகம் உள்ள பகடை வேண்டும் என்றது புத்தகம். நான் எங்கே போவேன்? பரணிலிருந்து தாயக்கட்டையை இறக்கினேன்.

ஆள் வேண்டுமே? என் வீட்டுக்காரர் கிரிக்கெட்டை விட்டு எழுந்து வருகிற ஜாதி இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அங்கே இருப்பது பொன்னுசாமியும் அவர் மனைவி ருக்மணியும். பொன்னுசாமிக்கு லேத் பட்டறை. ருக்மணியின் அண்ணன் நாச்சிமுத்து சோமனூரில் தறி ஓட்டுகிறவர். ஞாயிறு தவறாமல் தங்கையைப் பார்க்க பஸ் ஏறி வந்துவிடுவார். அன்றைக்கும் வந்திருந்தார். மூன்று பேரையும் நேரிலேயே அழைத்துவிட்டு வந்தேன்.

'நேரிலேயே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொன்னுசாமி வீடு கட்டிக் குடிபோனார். கொத்தனார், பெயின்டர் என்று அலைச்சல். மச்சானுக்குப் பத்திரிகையை சோமனூர் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய குற்றம் உண்டா? மனைவியின் கூடப்பிறந்தவனைத் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டாமா? நாச்சிமுத்து முறை தவறாமல் வந்தார். சீர் வைத்தார். சாப்பிட்டார். எல்லோரிடமும் "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார், மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் கோயமுத்தூர்ச் சண்டை ஆயிற்றே... மரியாதை குறையாமல்தான் நடக்கும். அவர் வந்தால் இவர் எழுந்து நிற்பார். இவர் வந்தால் அவர் நாற்காலியை நகர்த்திப் போடுவார். பேசுவது மட்டும் ருக்மணி வழியாக. "ருக்கு, உங்கண்ணனுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார் பொன்னுசாமி, அண்ணனின் தட்டு தன் முழங்கையில் இடித்துக்கொண்டிருக்கும்போதே. மூன்று வருஷமாக ருக்மணிதான் அந்த வீட்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒரு நாள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு பேரு பேச்சையும் நானே பேசிப் பேசி, என் பேச்சு எதுன்னே மறந்து போச்சுங்க்கா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விளையாட்டுக்கு வருவோம்.

முதல் வாரம் படுதோல்வி. நான் குகை, பூதம், புதையல் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். பொன்னுசாமி குதிரை வீரர். நாச்சிமுத்து வைத்தியர். எல்லோருக்கும் சோறாக்குகிற ஆளாக இருக்கிறேன் என்ற ருக்மணியை விடாமல் மல்லுக்கட்டித் திருடியாக்கினேன். அதைக் கேட்டதும் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்... ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

குகை வாசலுக்கு வந்ததும் வீரர் வாளை உருவ வேண்டாமா? அந்த நிலம் யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்தார். வைத்தியர், உள்ளே காற்றோட்டம் எப்படி என்று தங்கையைக் கேட்கச் சொன்னார். திருடி நேராகப் பூதத்திடம் போய், "சாப்டீங்களா?" என்றாள்.

என் பக்கங்களில் இதற்குப் பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதைப்படி இந்த இடத்தில் சண்டை போட வேண்டும் என்று சொன்னேன். மூவரும் மறுபேச்சு இல்லாமல் சண்டை போட்டார்கள். பூதம் செத்தது. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒருவர்கூட ரசிக்கவில்லை. அந்தப் பணிவிலேயே அது தெரிந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் என்ன செய்வார்? தன் கையில் பாயச வாளி இருக்கிறது என்பதற்காக, ரசம் கேட்கிறவன் இலையில் பாயசத்தையா ஊற்றுவார்? இலையைப் பார்க்க வேண்டும். நானோ வாளியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுதியதைத் தூக்கிப் போட்டேன். பூதம் வேண்டாம். ஒரு பாழடைந்த தோட்டம், அதில் ஒரு கிணறு, உள்ளே எப்போதோ காணாமல் போன ஒரு கோயில் மணி. மற்றது அவர்கள் பாடு. புதிதாக ஒரே ஒரு சட்டம் சேர்த்தேன்: கதைக்குள் ஒருவர் இன்னொருவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவரிடமே சொல்ல வேண்டும். என்னிடம் சொன்னால் செல்லாது — நான் கதைக்குள்ளேயே இல்லை. ருக்மணி வழியாகச் சொல்வதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. அவள் கதைக்குள் இருக்கிறாளே!

போன ஞாயிறு அந்தக் கிணற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த முறை மூன்று பேரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கிணறு என்றால் நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? கயிறு பொன்னுசாமியிடம். உருளைப் பக்கம் நாச்சிமுத்து. ருக்மணி படியைப் பிடித்து இறங்கினாள். பாசி பிடித்த படி. "உருட்டு" என்றேன்.

தாம்பாளத்தில் கட்டையை உருட்டினாள். பன்னிரண்டு. அதற்கு மேல் கட்டையில் எண்ணே கிடையாது.

"விழுந்துட்டனுங்க்கா" என்றாள் ருக்மணி.

பன்னிரண்டு விழுந்திருக்கிறது, உனக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன்.

"தெரியுதுங்க்கா. நான் விழுந்துட்டேன். தலையில அடி. பேச்சு மூச்சு இல்லீங்க." சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டை சொன்னதுதான் முடிவு, அதை மாற்றக் கூடாது என்று ரூல் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் ருக்மணியின் முகத்தைப் பார்த்தேன். பிறகு தாம்பாளத்திலிருந்து கட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "சரி, விழுந்துட்டா. அடியில ஊத்துத் தண்ணி, இடுப்பளவுக்கு ஏறுது" என்றேன்.

பொன்னுசாமி வழக்கம்போல, "ருக்கு, உங்கண்ணன்கிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ருக்கு மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தாள். என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க்கா, நீங்களாச்சும் அவருகிட்டச் சொல்லுங்க..."

நான் அந்த ஊரிலேயே இல்லை என்றேன். தண்ணீர் மார்பளவு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

உள் அறையில் கிரிக்கெட் கமென்டரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு காலித் தாம்பாளத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். தப்பாகப் போனால் ஒரு விளையாட்டோடு போகாது, பக்கத்து வீட்டு உறவையே கெடுத்தவளாவேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று நாக்கு துடித்தது. கதை நடத்துகிறவருக்கு ரொம்பக் கஷ்டமான வேலை எது தெரியுமா? வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

"தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். தாம்பாளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"மாப்ள... கயித்த இறுக்கிப் புடிச்சுக்குங்க. நான் எறங்கறேன்."

மூன்று வருஷம் கழித்து, ஒரு 'மாப்ள'.

பொன்னுசாமி மெதுவாகச் சொன்னார்: "வேண்டாமுங்க மச்சான். முழங்கால் வலிய வெச்சுக்கிட்டு நீங்க எப்படிப் படியெறங்குவீங்க? நான் எறங்கறனுங்க."

கவனித்தீர்களா? கதையில் வருகிற வைத்தியருக்கு முழங்கால் வலி கிடையாது. நான் அப்படி எதுவும் எழுதவில்லை. வலி நாச்சிமுத்துவுக்கு.

"முழங்கால் வலின்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"மாசாமாசம் ருக்கு குடுக்கற தைலம்... அவளா கடைக்குப் போறா?"

அந்தத் தைலத்தைப் பொன்னுசாமிதான் வாங்கி வந்துகொண்டிருந்தாராம். தன் பேரைச் சொல்லக் கூடாது என்ற கண்டிஷனோடு.

ருக்மணி கண்ணைத் திறக்கவில்லை. இமை ஓரத்தில் மட்டும் ஈரம். மயங்கிக் கிடக்கிறவர்கள் அழக்கூடாது என்று ரூல் புத்தகத்தில் எங்கும் போடவில்லை, அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தோடு சுபம் என்று நினைப்பீர்கள். எங்கே? யார் இறங்குவது என்று ஆரம்பித்தது பேச்சு. கயிறு தேங்காய் நாரா, நூலா? உருளை ஆள் கனத்தைத் தாங்குமா? பட்டறைக்காரர் ஒன்று சொல்ல, தறிக்காரர் இன்னொன்று சொல்ல... மூன்று வருஷத்துப் பாக்கியை முழுசாகத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பத்திரிகை விஷயமும் வந்தது. "நேர்ல வந்திருக்கோணுமுங்க, தப்புத்தான்" என்று பொன்னுசாமி சொன்னதும், பேச்சு மறுபடி உருளைக்கே போய்விட்டது.

நியாயமாகப் பார்த்தால் ருக்மணி அதற்குள் பத்து தடவை மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீரைக் கழுத்தோடு நிறுத்தி வைத்தேன். இதற்குக்கூட எனக்கு அதிகாரம் இல்லையென்றால் நான் எதற்குக் கதை நடத்துவது?

இருட்டத் தொடங்கியும் முடிவு ஏற்படவில்லை. சோமனூர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார்கள். நாச்சிமுத்து கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். பின்னாலேயே போய் ஸ்கூட்டரை உதைத்த பொன்னுசாமி, பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ருக்கு, பஸ் ஸ்டாண்டுல எறக்கி உடட்டுமான்னு உங்கண்ணனக் கேளு."

காபி டம்ளரோடு என் வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த ருக்மணி, அவசரமே இல்லாமல் ஒரு வாய் குடித்தாள்.

"நான் இன்னும் கெணத்துக்குள்ளதானுங்க இருக்கேன்."