லாரிக்கு என்று சொல்லி வாங்கிய கிரீஸ்

என்னால் நடக்க முடியாது. கையால் பெடல் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான். வீடு அடி அண்ணாமலையில், நான் நடத்தும் ஜெராக்ஸ் கடை செங்கம் ரோட்டில். மழையோ வெயிலோ, கிரிவலப் பாதையில் அந்த வண்டியில்தான் போய்வருகிறேன்.

போன ஐப்பசி மழையில் வலது பக்கச் சக்கரம் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. பேரிங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. கடைக்குப் பக்கத்துச் சைக்கிள் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வாசலில் மூடியில்லாமல் கிடந்த டப்பாவிலிருந்து கறுப்பாக எதையோ விரலால் வழித்தார். அதில் மணல் ஒட்டியிருந்தது எனக்கே தெரிந்தது.

"இது வேணாங்க. வீல் பேரிங் கிரீஸ் போடுங்க. தண்ணி பட்டா போவாதது."

"அதெல்லாம் காருக்குங்க. உங்க வண்டிக்கு எதுனா போதும். நீங்க இன்னா ஸ்பீடாவா போவப் போறீங்க?"

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அப்பி மாட்டிவிட்டார்.

அந்த வாரமே, சாயங்காலம் வீடு திரும்பும்போது, சக்கரம் இறுகி நின்றுவிட்டது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மலை சுற்ற வந்த ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மடியில் ஒரு நாணயத்தைப் போட்டார்.

"ஏங்க, நான் பிச்சை எடுக்கல. வண்டி நின்னுபோச்சு. ஓரமா கொஞ்சம் தள்ளி விடுங்க."

"பரவால்ல, வெச்சுக்கப்பா" என்று நடந்துகொண்டே சொன்னார்.

உடம்பெல்லாம் எரிந்தது. தள்ளிவிட ஒரு நிமிடம் ஆகுமா? மனைவிக்குப் போன் செய்தேன். அவள் வந்து, இறுகிய சக்கரத்தோடு மல்லுக்கட்டி வண்டியை வீடு சேர்த்தாள்.

மறுநாள் ஆட்டோவில் சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு இருவரும் மெக்கானிக்கிடம் போனோம். பேரிங்கின் உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் சொரசொரவென்று தேய்ந்திருந்தன. அவற்றை மெக்கானிக்கின் உள்ளங்கையில் கொட்டினேன்.

"உங்க பைக்குக்கு அந்த டப்பாவுல இருந்து போடுவீங்களா?"

"கோச்சுக்காதீங்கணா. குடுங்க, மாத்தித் தரேன்."

"நீங்க தொடவே வேணாம்."

வேறொரு சைக்கிள் கடையில் புதுக் குண்டுகளை வாங்கிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். வீல் பேரிங் கிரீஸ் கேட்டேன். கடைக்காரர், என் மனைவியின் கையிலிருந்த ஒல்லிச் சக்கரத்தைப் பார்த்தார்.

"இதுக்கா? சாதா கிரீஸே ஜாஸ்திங்க."

"இதுக்கில்ல. லாரிக்கு."

அவர் உடனே அலமாரிப் பக்கம் திரும்பினார். சீல் உடைக்காத டப்பாவை எடுத்து வைத்தார். "சூட்டுல உருகாதுங்க. தண்ணில கழுவிட்டுப் போவாது." இதைத்தானே நான் முதல் நாளிலிருந்து கேட்டேன்!

வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழசையெல்லாம் கழுவினோம். மனைவி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து நானே கிரீஸை நிரப்பினேன். கார்த்திகை மழை முழுக்கச் சக்கரம் சத்தமே போடவில்லை. கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டபோது கிடைக்காத கிரீஸ், இல்லாத லாரியின் பேரைச் சொன்னதும் கிடைத்துவிட்டதே.