துண்டைத் தூக்கும் பாடம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தென்காசியில் மரக்கடை, செங்கோட்டை ரோட்டில் அரிசி மில், குற்றாலத்தில் லாட்ஜ், எல்லாம் என் கையால் எழுப்பியவை. 'இவனாவது லாட்ஜ் கட்டுறதாவது' என்றவர்கள் பின்னால் அங்கேயே அறை கேட்டு நின்றார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், சீசன் நேரத்தில், சிவகிரிப் பக்கத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் அங்கே தங்கினார். ஒல்லி உடம்பு, கனத்த கண்ணாடி, எப்போதும் ஈரத் தலை. எம்.ஏ. சேர நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வயது ஏறிவிட்டதால் அதுவே கடைசி வாய்ப்பு.

ஒரு நாள் என்னிடமே கேட்டார்.

"அண்ணாச்சி, நாள் கொஞ்சந்தான் இருக்கு. அல்ஜீப்ராவா, கால்குலஸா, எதைப் படிக்கன்னு தெரியல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், சார்வாள். ஆனா அல்ஜீப்ராவை எடுத்தா, சோறு ஆறுறதுகூடத் தெரியாம இருக்கீய. மத்ததை எடுத்தா, துண்டைத் தூக்கிட்டு அருவிக்கு ஓடுதீய."

"குளிச்சா மூளை தெளியும்லா?"

"தெளிஞ்சு வந்து திரும்ப அல்ஜீப்ராவைல்லா எடுக்கீய! ஓட வைக்குததைப் படிங்க."

அவர் சிரிக்கவில்லை. துண்டை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனார். அதன்பின் சாரல் அடித்த அத்தனை நாளும் அருவிப் பக்கமே போகவில்லை. குற்றாலத்தில் இருந்துகொண்டே சாரலில் அருவிக்குப் போகாத ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

அவருக்கு இடம் கிடைத்தது. பிறகு கல்லூரியில் கால்குலஸ் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். அல்ஜீப்ராவில் அப்படி உயிராக இருந்த மனிதர் ஏன் இதை எடுத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அது அவர் பாடு. ஆனால் முதல் வகுப்பில் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவர் பாடத்தைத் தொடங்க வேண்டும்.