கமாண்டர் வைத்த ஸ்கிரீன் சேவர்

என் அக்காவைக் கட்டியவர் ஒரு மேதை என்று எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவர் அவரேதான். அவரோடு ஒரே அலுவலகத்தில், பத்தடி தள்ளி உட்கார்ந்து பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். பிறந்தாலும் சான்றிதழ் கொடுப்போம், செத்தாலும் சான்றிதழ் கொடுப்போம். நடுவில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது எங்கள் பிரிவில் வராது. மூன்று ஜன்னல்கள். முதல் ஜன்னலில் கண்ணாடி அம்மா, இரண்டாவதில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை செருமுவதால் தொண்டை என்று பேர் வாங்கிய ஒருவர், மூன்றாவதில் நான். மூன்று பேர் மேஜையிலும் ஒரு கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்து. எல்லாவற்றுக்கும் தாயாக மூலையில் ஒரு பெரிய பெட்டி. அந்தப் பெட்டிக்குக் காவலாக அத்தான்.

அவர் ஆரம்பத்தில் தபால் பிரிவில் கவருக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். பெட்டி வந்தபோது மூன்று நாள் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவருக்கு முழங்கால் வலி வந்தது, இன்னொருவருக்குக் கண் எரிந்தது. அத்தான் அன்றைக்கு லீவு. அதனால் அவர் பேரை எழுதிவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டோடு திரும்பி வந்தார். அதில் முப்பத்தொரு கமாண்டுகள். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. என்ன வேண்டுமோ அதை ஒரு வரியாக அடிக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பெட்டியின் சுபாவம். காலையில் ஒரு வரி அடித்தால் மூன்று திரையும் விழித்துக்கொள்ளும், சாயங்காலம் ஒரு வரி அடித்தால் தூங்கும். மிச்சம் இருபத்தொன்பதை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. தொண்டைதான் கேலியாகக் கமாண்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அத்தான் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

யாராவது எட்டிப் பார்த்தால் நோட்டைக் கவிழ்த்து வைப்பார். "ஒரு எழுத்து மாறினா எல்லாம் போயிடும், தள்ளி நில்லுங்க" என்பார். பெட்டிக்குள் போவதற்கான ரகசியச் சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். காலை வரிக்கும் சாயங்கால வரிக்கும் நடுவில் செய்தித்தாள் படிப்பார். எங்கள் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருக்கு. தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட என் அக்கா, "அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்டா" என்பாள். குழாய்க்கும் கமாண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குப் பொறாமை என்று முடித்துவிடுவாள்.

மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை. யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா. ஒரு முறை அக்காவும் அவரும் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டு எங்கே என்று கேட்காமல் விறுவிறுவென்று நடந்து, யாரோ ஒருவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் உடம்பை விசாரித்து, பழத்தைக் கொடுத்து, தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த நோயாளி வாசல் வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

போன வருடம் எங்களுக்குப் புது அதிகாரி வந்தார். மேடம் அதிகம் பேசமாட்டார், சொல்வதை எழுதியும் கொடுத்துவிடுவார். வந்த முதல் வாரமே என் திரையை அணைக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். அணைத்த பிறகும் கண்ணாடியில் பிறப்பு, இறப்பு, வெளியேறு என்ற மூன்று வார்த்தையும் பழுப்பாகத் தெரிந்தன. வருடக்கணக்காக ஒரே எழுத்து ஒரே இடத்தில் நின்று நின்று கண்ணாடியைத் தீய்த்திருந்தது.

"இந்தத் திரையெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல. இது போனா வேற கிடையாது" என்றார் மேடம். அத்தானைக் கூப்பிட்டார். "சும்மா இருக்கறப்ப எழுத்து மறையற மாதிரி ஸ்கிரீன் சேவர் வைக்க முடியுமா சார்?"

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைங்க மேடம்."

"திங்கக்கிழமைக்குள்ள வச்சிடுங்க. பத்து நிமிஷம் யாரும் தொடலைன்னா வரணும். உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வெளியில இருந்து ஆள் வச்சுக்கலாம். பழைய பதிவேட்டு அறைக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க, உங்களை அங்க மாத்திடறேன்."

பழைய பதிவேட்டு அறை கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத இடம். அங்கே போனவர்கள் தும்மிக்கொண்டே ஓய்வு பெற்றார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. கமாண்டர் அங்கே போனால் வெறும் ஆளாகிவிடுவார், அந்தச் செய்தி அன்று சாயங்காலமே என் அக்காவுக்கு எட்டிவிடும். அத்தான் முகத்தில் வியர்வை துளிர்த்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நோட்டைப் புரட்டினார், முன்னிருந்து பின், பின்னிருந்து முன். முப்பத்தொன்றில் ஸ்கிரீன் சேவர் இல்லை. இரண்டு நாள் பெட்டி முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அந்தக் காலத்துப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு போன் போட்டார். இரண்டு கையும் கீபோர்டில் இருக்க வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் வைத்தார். நான் சாப்பாட்டு டப்பாவைத் தேடுவதுபோல் அங்கேயே நின்றேன்.

மெக்கானிக் பொறுமையானவர். எந்த ஃபைலைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். "கடைசிலேருந்து மூணாவது வரி பாருங்க. அதுல ஜீரோன்னு இருக்கும். ஜீரோன்னா ஸ்கிரீன் சேவர் வராது. எவ்வளவு நேரம் வேணுமோ அந்த நம்பரைப் போட்டு சேவ் பண்ணுங்க. நேரத்தை எதுல போடணும்னு தெரியும்ல சார்?"

"தெரியும், தெரியும்" என்றார் அத்தான். போனை வைத்துவிட்டார்.

ஜீரோவை அழித்தார். பத்து என்று போட்டார். சேவ் செய்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "பார்த்தியா மாப்ள, இதுக்குத்தான் அடிப்படை தெரியணும்கறது" என்றார்.

அவர் வாயை மூடுவதற்குள் திரை இருண்டது. எங்கள் அலுவலகத்தின் பேர் பச்சை எழுத்தில் இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. ஒரு விசையைத் தட்டினார், பழைய திரை வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பேர் நகர்ந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அத்தான், அது நிமிஷம் இல்ல, செகண்டு. அறுநூறுன்னு போடணும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அக்கா கல்யாணத்துக்கு நான் பந்தி பரிமாறியதில் இருந்த குறை எல்லாம் தெரிந்தது. "நீ உன் டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றார். தப்பு என்று இன்னொருத்தன் சொன்ன பிறகு, அதுவும் மச்சான் சொன்ன பிறகு, அவர் திருத்துவாரா? பத்து பத்தாகவே நின்றது.

திங்கட்கிழமை எங்களுக்குச் சனி பிடித்தது. நாங்கள் மூவரும் ஒற்றை விரலால் அடிப்பவர்கள். விண்ணப்பத்தில் தகப்பனார் பேரைப் படித்து, எழுத்தைத் தேடுவதற்குள் பத்து நொடி ஓடிவிடும், திரையில் அலுவலகப் பேர் ஊர்வலம் வரும். அதைவிடக் கொடுமை, ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் அது தெரிந்தது. புதன்கிழமைக்குள் வரிசையில் இருந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், பேர் நகர்ந்தால் உள்ளே இருப்பவன் கீபோர்டைத் தொடவில்லை என்று. கண்ணாடி அம்மா மருமகளைப் பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பிப்பார். வெளியிலிருந்து குரல் வரும், "அம்மா, திரை போயிடுச்சு." தொண்டை செருமி முடிப்பதற்குள், "சார், பேர் ஓடுது பாருங்க." மருமகள் கதை எல்லாம் பாதியிலேயே நின்றது.

விளைவு என்ன தெரியுமா? இடது கையால் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே, வலது கையால் மளமளவென்று வேலை பார்த்தோம். வேறு வழியில்லை. நாலு மணி வரை நிற்கும் வரிசை பதினொன்றரைக்குக் கரைந்தது. பதினான்கு வருடத்தில் நான் செய்யாத வேலையை அந்த இரண்டு மாதத்தில் செய்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

மேடம் எல்லார் முன்னாலும் அத்தானைப் பாராட்டினார். அத்தான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். வீட்டில் அக்கா மூன்று தெருவுக்குச் சொல்லி வந்தாள். நான் போய்க் கெஞ்சினேன், "அத்தான், கை கடுக்குது, அந்தப் பத்தை மாத்துங்க." "உங்களுக்கெல்லாம் சுறுசுறுப்பு வரட்டும்னு கணக்குப் போட்டு வச்சது" என்றார். இரண்டு மாதத்தில் அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார். என் வயிறு பற்றி எரிந்தது.

மூன்றாவது மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வேலை முடிகிற இடத்துக்கு எதற்கு இத்தனை பேர்? இரண்டு ஜன்னல் போதும், காலையில் ஒரு வரி அடிப்பதைக் கண்ணாடி அம்மாவே செய்துகொள்ளலாம். மிச்சமாகிற இரண்டு பேரைப் பழைய பதிவேட்டு அறைக்கு அனுப்பவும். மூன்றாவது ஜன்னல் நான். இன்னொருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நான் பத்து நிமிஷம்னு எழுதிக் கொடுத்தேன். நீங்க பத்து செகண்ட் வச்சிருக்கீங்க. தெரியாம நடந்திருந்தா இப்பவே சொல்லுங்க சார். ஏதோ தப்புல வேகமா நடந்துச்சு, சரி பண்ணிட்டோம், மூணு ஜன்னலும் வேணும்னு நான் பதில் எழுதிடறேன். யாரும் எங்கயும் போக வேண்டாம்."

எவ்வளவு நல்ல மனுஷி. வழியைத் திறந்து, விளக்கும் பிடித்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அத்தான் தரையைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. சொல்லிவிடுங்கள் அத்தான், சொல்லித் தொலையுங்கள் என்று எனக்குள் கத்தினேன்.

"தப்பு எதுவும் இல்லைங்க மேடம். யோசிச்சுத்தான் வச்சேன்" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பக்கத்துலயே இருந்தீங்களே."

"நேரத்தை எதுல போடணும்னு தெரியும்ல சார்?" என்று மெக்கானிக் கேட்டது என் காதில் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தேன். அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதிகாரம் இல்லாத, நோட்டு இல்லாத ஒரு முகம், கெஞ்சுகிற முகம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான், அதையும் வாயால் கேட்கவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அதற்காக இன்று வரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

"அவர் சொன்னது சரிதான் மேடம்" என்றேன்.

மறுநாளே இருவரும் பின்பக்க அறைக்குப் போய்த் தும்ம ஆரம்பித்தோம். அந்த வாரக் கடைசியில் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அத்தான் மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எனக்குப் பரிமாறிவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் சொன்னாரு" என்றாள் மெதுவாக. "உன் வேலைல திருப்தி இல்லைன்னு உன்னை அங்க தூக்கிப் போட்டாங்களாமே. தம்பியைத் தனியா விடமாட்டேன்னு இவரும் கேட்டு வாங்கிக்கிட்டு உன் கூடவே வந்திருக்காரு. இனிமேயாவது அத்தானுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுடா."

நாற்காலியைப் பார்த்தேன். அத்தான் கண்ணைத் திறக்கவில்லை.

"சரிக்கா" என்றேன்.